பஞ்சர் ஒட்டப் போய் 490 வெள்ளி அழுத கதை

இடது பின் டயரில் ஒரு ஸ்க்ரூ. பஞ்சர் ஒட்டியிருந்தால் அத்தோடு போயிருக்கும். நான் அழுதது 490 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) 50 காசு. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது படித்துக்கொண்டே வந்தால் புரியும்.

சனிக்கிழமை காலை, அம்மாவைத் தேக்கா சந்தைக்குக் கூட்டிப் போவதாகப் பேச்சு. ஆட்டிறைச்சி வாங்க எட்டு மணிக்குள் போய்விட வேண்டும் என்பது அவர் கணக்கு. புளோக்குக்குக் கீழே வண்டியை எடுத்ததுமே காற்று குறைந்ததற்கான மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்ரோல் நிலையத்தில் அளந்து பார்த்தால் மற்ற மூன்றிலும் 32, இதில் 19. குனிந்து பார்த்தேன். டயர்ப் பள்ளத்துக்குள் ஸ்க்ரூவின் தலை பளபளத்தது. படம் எடுத்து, ‘தேக்கா லேட்டாகும்’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஸ்க்ரூவைப் பிடுங்கவில்லை. அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். குத்தியதே ஓட்டையை அடைத்துக்கொண்டும் இருக்கும். பிடுங்கினால் போகிற வழியிலேயே காற்று மொத்தமும் இறங்கிவிடும்.

காற்றடித்துக்கொண்டு, பக்கத்துத் தொழிற்பேட்டையில் முதலில் கண்ணில் பட்ட கடைக்குள் வண்டியை விட்டேன். வாசலில் நின்ற பையன், “வாங்கண்ணே, என்ன ஆச்சு?” என்று தமிழில் கேட்டான். அதிலேயே பாதி உருகிவிட்டேன். இன்னொரு கடையில் விலை கேட்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. உள்ளே ஏர்கான் அறை, இலவசக் காபி, ஓடிக்கொண்டிருக்கும் டிவி. வண்டி நிற்கும் இடம் மட்டும் அங்கிருந்து தெரியாது.

இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டார்கள். போனால் டயர் ஏற்கெனவே கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது. ஸ்க்ரூவைக் காணவில்லை. அந்தப் பையன் டயரின் ஓரத்தில், தரையில் படும் பகுதி முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் வளைவில், சோப்புத் தண்ணீரைத் தெளித்தான். புஸ்ஸென்று நுரை கிளம்பியது. “பாத்தீங்களாண்ணே, சைட்ல போயிருக்கு. இதை ஒட்ட முடியாது. ஒட்டினா பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல வெடிக்கும். வீட்ல பிள்ளைங்க இருக்காங்கல்ல?”

பிள்ளைகள் என்று சொன்ன பிறகு எந்தத் தகப்பன் பேரம் பேசுவான்?

ஒரு டயரை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், இரண்டாகத்தான் மாற்ற வேண்டும் என்றான். இது முழுப் பொய்யில்லை. ஒரே அச்சில் ஒரு டயர் மொட்டையாகவும் இன்னொன்று புதிதாகவும் இருப்பது நல்லதல்ல. ஆனால் என் டயர்களில் இன்னும் ஐந்து மில்லிமீட்டர் பள்ளம் இருந்தது. சட்டப்படி தேவைப்படுவது 1.6 மில்லிமீட்டர்தான். போதாததற்கு, என் காரின் சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமம்) முடிய இன்னும் 14 மாதம்தான் பாக்கி. அதற்குப் பிறகு வண்டி ஸ்க்ராப். அந்தப் பழைய டயர்களே அதுவரை தாராளமாக ஓடியிருக்கும். இதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு தோன்றிய கணக்கு. கடையில் நின்றபோது தோன்றியது பிள்ளைகளின் முகம் மட்டும்தான்.

பில்லைச் சொல்கிறேன், கேளுங்கள். டயர் இரண்டுக்கு 330. வீல் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) 60. பேலன்ஸிங் 20. வால்வு 10. நைட்ரஜன் 20 (நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்). பழைய டயரை அப்புறப்படுத்த 10. அதாவது, சாட்சியைத் தூக்கிப் போட நானே கைக்காசு கொடுத்திருக்கிறேன். எல்லாம் சேர்த்து 450, அதற்கு மேல் ஜிஎஸ்டி 9 விழுக்காடு.

சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தார். மனைவியின் அண்ணன், பேருந்துப் பணிமனையில் பல வருடம் வேலை பார்த்தவர். பில்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. போனை எடுத்து, காலையில் குழுவில் நான் போட்ட படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். “மாப்ளே, ஸ்க்ரூ எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.”

நடுவில் இருந்தது. ஓரத்திலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, இரண்டாவது பள்ளத்தில். நுரை கிளம்பிய வளைவும் அதே படத்தில் தெரிந்தது. அங்கே கீறல்கூட இல்லை.

அப்படியானால் ஓரத்து ஓட்டை எப்போது வந்தது? நான் காபி குடித்த அந்த இருபது நிமிடத்தில் என்ன நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. டயர் என்னிடம் இல்லை. கடையின் பெயரை எழுதாததற்குக் காரணம் இதுதான்.

எந்தப் பஞ்சரை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது என்று மச்சான் அன்றிரவு ஒரு பாடமே நடத்தினார். டயரின் தரையில் படும் நடுப்பட்டைக்கு அடியில் எஃகுக் கம்பி வலை இருக்கிறது. அங்கே ஓட்டை ஆறு மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஒட்டலாம். வளைவும் பக்கச்சுவரும் வேறு சங்கதி. ஒவ்வொரு சுற்றிலும் அவை மடங்கி மடங்கி நிமிர்கின்றன. பக்கச்சுவரில் இருப்பது துணி இழைதான், அங்கே ஒட்டு நிற்காது. ஆக, ஓரத்து ஓட்டையை ஒட்ட முடியாது என்று கடைக்காரன் சொன்னது சரியான விஷயம். என் ஓட்டை அங்கே இல்லை என்பதுதான் சிக்கல். உண்மையைச் சொல்லியே ஏமாற்றியிருக்கிறார்கள்.

ஒட்டுவதிலும் இரண்டு வகை உண்டு. ரிம்மிலிருந்து கழற்றாமலே, வெளியிலிருந்து புழு மாதிரி ஒரு ரப்பர்த் திரியைக் குத்திச் செருகுவது ஒன்று. பத்து நிமிட வேலை, அவசரத்துக்கு உதவும். இன்னொன்று மஷ்ரூம் பேட்ச். டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்து, காளான் வடிவ ரப்பரை உள்ளிருந்து இழுத்து ஒட்டுவார்கள். காம்பு ஓட்டையை அடைக்கும், குடை உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். மச்சான் ஏற்றுக்கொள்வது இதை மட்டும்தான். அடுத்த வாரம் இரண்டு கடைகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். மஷ்ரூமுக்கு ஒருவர் 30 வெள்ளி சொன்னார், இன்னொருவர் 40.

உட்புறத்தைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு அவர் ஒரு கதை சொன்னார். அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் காற்றே இல்லாத டயரில் துவாஸிலிருந்து ஜூரோங் வரை ஓட்டி வந்திருக்கிறார். ஆணி இருந்தது நட்டநடுவில்தான். ஆனால் கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பொடி குவிந்து கிடந்ததாம். பக்கச்சுவர் நசுங்கித் தேய்ந்து உதிர்த்த ரப்பர் அது. அதற்கு எந்த ஒட்டும் உதவாது, தூக்கித்தான் போட வேண்டும். அதனால் காற்று இறங்கிவிட்டால் ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று ஓட்டாதீர்கள். விரைவுச்சாலையில் வண்டி நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டி பக்கத்தில் குறிக்கப்பட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாகவே இழுத்துக்கொண்டு போய் விடும்.

கதை அதோடு முடியவில்லை. மறுநாள் காலை மச்சான் கையில் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தார். டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு எண்கள்தான் டயரின் பிறந்த நாள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். என் ‘புது’ டயர்களில் இருந்தது 1821. அதாவது 2021-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம். நான்கு வருடமாக எங்கோ அடுக்கிக் கிடந்த சரக்கு. இந்த எண் ஒரு பக்கச்சுவரில் மட்டும் முழுதாக இருப்பது வழக்கம். எனக்கு அது உட்பக்கம் பார்த்து மாட்டப்பட்டிருந்தது. தற்செயலாகவும் இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். அந்தப் பையன் அன்று என்னிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினான். மாட்டிய டயரைத் திரும்ப எடுக்க முடியாது, ரசீதில் எழுதியிருக்கிறது என்றான். படத்தைக் காட்டினேன். ஆங்கிளில் அப்படித் தெரியும் என்றான். அலைன்மெண்ட் செய்ததற்கான அச்சுத்தாள் எங்கே என்று கேட்டேன். செய்திருந்தால், சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் இருந்த அளவுகளை இயந்திரமே அச்சடித்துக் கொடுக்கும். அதற்கு மட்டும் அவர்களிடம் பதில் இல்லை. உள்ளே போய் முதலாளியிடம் பேசிவிட்டு வந்து 65 வெள்ளி 40 காசைத் திருப்பிக் கொடுத்தான், வரியோடு சேர்த்து.

மீதிக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள், வழக்கறிஞர் கிடையாது. என்னைப் போன்ற வாடிக்கையாளருக்கு, சிறிய தொகை என்றால் 10 வெள்ளிதான் கட்டணம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் போய் எதைக் காட்டுவது? ஓட்டை விழுந்த டயரை வண்டியின் பின்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தால் கதையே வேறு. உங்கள் காசில் வாங்கிய டயர் அது, கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நான் பயனீட்டாளர் சங்கத்துக்குப் புகார் எழுதிப் படத்தையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்குத் தேக்கா போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. நல்ல தொடைக்கறியெல்லாம் தீர்ந்திருந்தது. அம்மா இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். 490 வெள்ளியை அவரிடம் நான் சொல்லவில்லை. மச்சானின் காருக்கும் இதே 195/65 ஆர்15 அளவுதான். சிஓஇ முடிந்து வண்டி ஸ்க்ராப்புக்குப் போகும்போது இரண்டு டயரையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“1821-ஆ? எனக்கு வேணாம் மாப்ளே” என்றார்.