பெங்களூரில் ஃபுட்டி பார்க்க வாட்ச் ஏஎஃப்எல் சந்தா: யாருக்குப் பொருந்தும், யாருக்கு வீண்

ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலைப் பெங்களூரிலிருந்து ஒழுங்காகப் பின்தொடர வேண்டுமென்றால் வாட்ச் ஏஎஃப்எல்தான் வழி. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்கும் ரசிகர்களுக்கென்றே நடத்தப்படும் அதிகாரபூர்வ ஒளிபரப்புச் சேவை அது. இந்திரா நகர், கோரமங்களா பப்களில் பெரிய திரையில் ஓடுவது கிரிக்கெட்டும் ஐரோப்பியக் கால்பந்தும்தான். அங்கே போய் ஃபுட்டியை எதிர்பார்க்க வேண்டாம். ஏஎஃப்எல் என்னும் ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கில் 18 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 23 ஆட்டங்கள். ஆக, லீக் சுற்றில் மட்டும் 207 ஆட்டங்கள். அத்தனையும் நேரலையாக வருகின்றன, முடிந்தபின் முழு மறுஒளிபரப்பாகவும் கிடைக்கின்றன. இறுதிச் சுற்று ஆட்டங்கள் தனி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இந்தச் சந்தா கொடுத்த காசுக்கு மேலேயே பலன் தரும். கோல்களை மட்டும் தொகுத்த சில நிமிடக் காணொளி போதும் என்பவர் காசு கட்ட வேண்டியதில்லை. அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதைப் பார்த்து எந்த ஆட்டக்காரர் பெரியவர் என்று முடிவு கட்டினால், அந்த முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

நேரக் கணக்கு நமக்கு ரொம்பவே சாதகம். ஏப்ரல் முதல் ஞாயிறிலிருந்து அக்டோபர் முதல் ஞாயிறு வரை மெல்போர்ன் நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே சனிக்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை ஒன்பதே காலுக்கு, டிபன் சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குச் சரியாக வரும். இரவு ஏழரை ஆட்டம் நமக்குப் பிற்பகல் மூன்று. பெர்த் நேரம் நம்மைவிட இரண்டரை மணிதான் முன்னால் என்பதால், அங்கே மாலை ஆறு பத்துக்குத் தொடங்குவது இங்கே மூன்று நாற்பது. இறுதிப் போட்டி வழக்கமாகச் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, மெல்போர்ன் நேரம் பிற்பகல் இரண்டரைக்கு. நமக்கு அது காலை பத்து மணி. ஐரோப்பியக் கால்பந்துக்காக நடுராத்திரி கண் விழிப்பவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும்.

மார்ச்சில் மட்டும் கவனம் வேண்டும். அப்போது மெல்போர்னில் கோடைகால நேரம் ஓடுகிறது, வித்தியாசம் ஐந்தரை மணி. ஏப்ரல் முதல் ஞாயிறு கடந்ததும் எல்லா ஆட்டமும் நமக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அலாரத்தை மாற்றாமல் விட்டால் ஒரு மணி நேரம் முன்னதாகவே டிவி முன்னால் காத்துக் கிடக்க வேண்டும். பிரிஸ்பேனில் கோடைகால நேரமே கிடையாது; அங்கு நடக்கும் ஆட்டத்துக்கு ஆண்டு முழுக்க நாலரை மணிதான்.

சிக்கல் வெள்ளிக்கிழமை. வாரத்தின் பெரிய ஆட்டத்தை அன்றைக்கு இரவு ஏழு நாற்பதுக்கு வைக்கிறார்கள். நமக்கு மூன்று பத்து, ஆபீஸ் நேரம். வெளிவட்டச் சாலையில் ஊர்ந்து வீடு சேர்ந்தபின் மறுஒளிபரப்பைப் போடுவதே நல்லது. அதுவரை முடிவு காதில் விழாமல் இருக்க, மூன்று மணிக்கு முன்பே செல்போனில் விளையாட்டுச் செயலிகளின் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். யூடியூபைத் திறக்கவே வேண்டாம். ஃபுட்டி பார்ப்பவர் என்று அது ஒருமுறை கண்டுகொண்டால், முகப்பிலேயே வென்ற அணி கொண்டாடும் படத்தைப் போட்டுவிடும்.

முழு ஆட்டம் ஏன் என்பதற்கு வருகிறேன். லாக்கி நீலை எடுத்துக்கொள்ளுங்கள். சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை 2020, 2023 இரண்டிலும் வென்றவர், பிரிஸ்பேனின் நடுக்கள வீரர், இந்த ஆட்டத்துக்கு உயரம் குறைந்தவர். கோல் தொகுப்பில் அவர் முகம் எப்போதாவதுதான் வரும். மறுஒளிபரப்பில் நடுவர் பந்தை மேலே எறியும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். அந்தப் பந்தைத் தட்ட நிற்கும் இரண்டு உயரமானவர்களும், அதாவது ரக்மேன்களும், தாவிக்கொண்டிருப்பார்கள், சுற்றியிருக்கும் எல்லாருடைய கண்ணும் மேலே இருக்கும். நீலின் பாதங்கள் மட்டும் பந்து விழப்போகும் இடத்தை நோக்கி ஏற்கனவே திரும்பியிருக்கும். அடுத்த அரை விநாடியில் முழங்கால் மடங்கி, இரண்டு கையும் புல்லைத் தொடுகிற உயரத்தில் பந்தை அள்ளி, தலை நிமிராமலே பக்கத்து ஆளுக்கு ஹேண்ட்பால், அதாவது முஷ்டியால் குத்தித் தரும் பந்து, போய்விடும். அந்த ஆள் ஐம்பது மீட்டர் உதைக்கிறார், இன்னொருவர் கோல் அடிக்கிறார். தொகுப்பில் நாம் பார்ப்பது அந்தக் கடைசி உதையை மட்டும்.

பின்வரிசைக்காரர்களின் கதை இன்னும் மோசம். பிரிஸ்பேனின் ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் எதிரணியின் உயரமான முன்வரிசை ஆளுக்கு வரும் பந்தை முஷ்டியால் தட்டிவிடுகிறார். தட்டிய பந்து எங்கோ போகிறது, ஆட்டம் தொடர்கிறது. அதை யாரும் காணொளியாக வெட்டிப் போடுவதில்லை. ஆனால் 2024-லும் 2025-லும் பிரிஸ்பேன் கோப்பை வென்றதற்கு அந்த முஷ்டிக்குப் பெரிய பங்கு உண்டு. நடுவர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 3, 2, 1 என்று வாக்களிக்கும் பிரவுன்லோவிலும் இதே குறைதான். கடந்த பத்தாண்டில் வென்ற அனைவரும் நடுக்களத்துக்காரர்கள். 2024-ல் பேட்ரிக் கிரிப்ஸ் 45 வாக்கு வாங்கிச் சாதனை படைத்தார். அவர் தகுதியில் குறையில்லை. ஆனால் பதக்கத்தை வைத்துப் பின்வரிசையை அளக்க முடியாது.

என்னைக் கேட்டால், இந்தத் தலைமுறையின் முழுமையான ஆட்டக்காரர் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணித் தலைவர் மார்கஸ் பொண்டெம்பெல்லி. 2021-லும் 2023-லும் பிரவுன்லோவில் இரண்டாம் இடம். நடுக்களத்தில் பந்தை எடுப்பார், முன்வரிசைக்குப் போய் உதைத்து வரும் பந்தை அந்தரத்திலேயே பிடிப்பார் (இதற்கு மார்க் என்று பெயர்), இடது காலால் நெருக்கடியிலும் குறி தவறாமல் உதைப்பார், பந்து பறிபோனால் முதல் ஆளாகத் திரும்பி ஓடுவார். காலிங்வுட்டின் நிக் டெய்கோஸ் இவரைவிடக் கண்ணுக்கு அழகு, சந்தேகமில்லை. ஆனால் அவர் கைக்குப் பந்து வருவதற்கு முன், நெரிசலுக்குள் அடிபட்டு அதை வெளியே எடுத்துத் தந்தவர் யார் என்றும் சேர்த்துப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் ஒரு பழைய ஆட்டத்தைத் தேடிப் பார்க்கலாம். என் பரிந்துரை 2023 இறுதிப் போட்டி. காலிங்வுட் 12.18 (90), பிரிஸ்பேன் 13.8 (86). புள்ளிக்கு முன்னால் இருப்பது கோல், ஒவ்வொன்றும் ஆறு புள்ளி. பின்னால் இருப்பது பிஹைண்ட், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஒரு கோல் அதிகம் அடித்த அணி தோற்ற ஆட்டம் இது. கோல் கம்பங்களின் பக்கவாட்டில் கூடுதலாகப் போன பத்து உதைகள் கணக்கைப் புரட்டிவிட்டன. கடைசிக் கால்பகுதியில் சார்லி கேமரன் பிரிஸ்பேனை முன்னால் கொண்டுபோகிறார். உடனே ஜோர்டன் டி கோயி பதில் கோல் அடிக்கிறார், பிறகு ஸ்டீல் சைட்பாட்டம் ஐம்பது மீட்டருக்கு வெளியிலிருந்து ஒன்று. ஜோ டேனிஹர் அடித்த கோலால் வித்தியாசம் மறுபடி நாலு. அதன் பிறகு சைரன் ஒலிக்கும் வரை காலிங்வுட் பந்தை எப்படி அடைகாக்கிறது என்பதை மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள்.

சேவையின் பெரிய குறை கேமரா. ஒளிபரப்பு பந்தைத்தான் துரத்துகிறது. மைதானத்தின் நீளம் 135 முதல் 185 மீட்டர், அகலம் 110 முதல் 155 மீட்டர், உள்ளே பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். பந்துக்குத் தொலைவில் இருப்பவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதில்தான் பயிற்சியாளர்களின் சண்டையே இருக்கிறது. கோலுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் கோணம் எப்போதாவது, அதுவும் விளக்கத்துக்காக வந்து போகும். அந்தக் கோணத்தைத் தனித் தேர்வாகத் தந்தால் ஃபுட்டியைக் கற்றுக்கொள்பவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். வர்ணனை ஆங்கிலத்தில் மட்டும், வேகமாக, செல்லப்பெயர்களோடு போகும். முதல் சில ஆட்டங்களுக்கு அணிப் பட்டியலைச் சட்டை எண்ணோடு பக்கத்தில் வைத்துக்கொண்டால் பழகிவிடும்.

வாரநாள் அலசல் நிகழ்ச்சிகளையும் விடாதீர்கள். மைதானத்துக்கு வெளியே நடக்கும் வாதங்கள் அங்கேதான் புரியும். இப்போது சூடான வாதம் தந்தை–மகன் விதி. புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும்போது, ஓர் அணிக்காக நூறு ஆட்டமாவது ஆடியவரின் மகனை அந்த அணி முன்னுரிமையோடு எடுத்துக்கொள்ளலாம். பீட்டர் டெய்கோஸின் மகன்கள் காலிங்வுட்டில் ஆடுவதும், மார்கஸ் ஆஷ்கிராஃப்டின் மகன்கள் வில், லெவி இருவரும் பிரிஸ்பேனில் ஆடுவதும் இப்படித்தான். 2024, 2025 இரண்டு இறுதிப் போட்டியிலும் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வில் ஆஷ்கிராஃப்டுக்கு. விதியை ஒழிக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்பன் போட்ட சட்டையை மகன் போடுவது இந்த ஆட்டத்தின் உயிர். தகராறு விலையில் இருந்தது. அந்த மகனை வேறு அணி கேட்டால், அது கேட்ட தேர்வு இடத்துக்கு ஈடு கொடுக்கும்போது 20 சதவீதம் கழிவு தந்தார்கள். அதை 10 ஆகக் குறைத்தது சரியான முடிவு, இன்னும் குறைத்தாலும் நியாயம்தான்.

ஆட்ட அட்டவணையின் அநியாயம் இதைவிடப் பெரியது. ஒவ்வோர் அணியும் மற்ற பதினேழு அணிகளோடு ஒருமுறை ஆடுகிறது, அதில் ஆறு அணிகளோடு மட்டும் இரண்டாம் முறை. யார் அந்த ஆறு என்பதில் அதிர்ஷ்டமும் டிக்கெட் விற்பனையும் கலந்திருக்கிறது. இறுதிப் போட்டியோ 2059 வரை மெல்போர்னின் எம்சிஜி மைதானத்திலேயே என்று ஒப்பந்தம். 2026 முதல் பத்தாம் இடம் வரை வந்த அணிகளுக்கு இறுதிச் சுற்றுக்குள் நுழைய வைல்டுகார்டு வாய்ப்பும் உண்டு. பதினெட்டில் பத்துப் பேருக்குக் கதவு திறந்தால் லீக் சுற்றின் கடைசி ஆட்டங்களுக்கு என்ன மதிப்பு? அதே ஆண்டிலிருந்து நடுவட்டத்தில் நடுவர் பந்தைத் தரையில் குத்தி எழுப்பும் பழக்கமும் போய்விடுகிறது, இனி மேலே எறிவதுதான். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் கோணலாக எழும்பிய பந்து ரக்மேன்களுக்குச் செய்த அநியாயத்தை நினைத்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

தலைக்காய விஷயத்தில் சமரசமே கூடாது. மூளை அதிர்ச்சி என்று உறுதியானால் குறைந்தது பன்னிரண்டு நாள் ஆடக் கூடாது என்பது 2021 முதல் நடைமுறை. 2023 இறுதிச் சுற்றில் அடிபட்ட மெல்போர்ன் வீரர் ஆங்கஸ் பிரேஷா அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஓய்வை அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆட்டம் மென்மையாகிவிட்டது என்று புலம்பும் வர்ணனையாளர்களின் பேச்சை நம்பாதீர்கள்.

இனி வீட்டு ஏற்பாடு. ஒரு கால்பகுதி இருபது நிமிடம். பந்து நிற்கும் நேரத்தைக் கூட்டினால் அரை மணியை நெருங்கும். இடைவேளைகளோடு மொத்தம் இரண்டரை மணிக்கு மேல் ஆகும். விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் படத்துக்கு இரண்டரை மணியில் ஐந்தரை ஜிபிக்கு மேல் செலவாகும். நாளுக்கு 2 ஜிபி தரும் செல்போன் திட்டம் முதல் பாதியைக்கூடத் தாண்டாது, ஆகவே ஃபைபர் இணைப்பு அவசியம். சனிக்கிழமை பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் பகுதியில் இருந்தால் ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் அளவைப் பாருங்கள். யுபிஎஸ் அதைவிடக் குறைவாகத் தந்தால் ரூட்டர் அணைந்து அணைந்து எரியும்.

பணம் கட்டும் இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலிக்குள் போய், வெளிநாட்டு இணையப் பயன்பாட்டை இயக்கி, வரம்பையும் வைத்த பிறகு கட்டுங்கள். திரையில் தெரியும் தொகைக்கு மேல் வங்கி தன் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் அதற்கு ஜிஎஸ்டியையும் சேர்க்கும், கார்டைப் பொறுத்து அது மூன்று சதவீதத்தைத் தாண்டலாம். மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு, ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி விதிகளால் வெளிநாட்டு நிறுவனங்களோடு அடிக்கடி தடைபடும். வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு சந்தா காலாவதி என்று திரை சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான். சீசன் முழுக்கப் பார்க்கப்போகிறவர் மார்ச்சில் ஆண்டுச் சந்தாவை ஒரே தவணையாகக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. முடிவு செய்யாதவர் ஆகஸ்ட் கடைசியில் ஒரு மாதச் சந்தா எடுக்கலாம். செப்டம்பர் ஆட்டங்கள் அதில் வந்துவிடும். புதுப்பிப்புத் தேதி இறுதிப் போட்டிக்குப் பின்னால் விழுகிறதா என்று மட்டும் நாள்காட்டியில் சரிபார்த்துவிட்டுக் கட்டுங்கள்.