ஊரில் பல் கிளீனிங்: ஈறு வீங்கியிருந்தால் முதலில் சிபிசி ரத்தப் பரிசோதனை

லீவில் ஊருக்கு வரும்போதே பல் வேலையையும் முடித்துக்கொள்வது வெளிநாட்டுத் தமிழர் பலரின் வழக்கம். சென்னை கிளினிக்குகளில் போன அன்றே கிளீனிங் முடிந்துவிடுகிறது. ஆனால் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறவருக்கு அந்த வேகம் ஆபத்தாகலாம். லுகேமியா எனும் ரத்தப் புற்றுநோய் சிலருக்கு முதலில் வாயில்தான் தெரியும்.

காரை படிந்து வீங்கிய ஈறு, சுத்தம் செய்தால் ஓரிரு வாரத்தில் வற்றத் தொடங்கும். லுகேமியா ஈறு அப்படியில்லை. சில வாரங்களிலேயே கருஞ்சிவப்பாகப் பருத்துப் பல்லை மூடும்; தொடாமலே கசியும். மோனோசைட் என்ற வெள்ளணு வகை சார்ந்த, வேகமாக முற்றும் அக்யூட் மைலாய்ட் லுகேமியாவில் இது அதிகம், புற்றுச்செல்களே ஈறுக்குள் புகுந்துவிடுவதால். கூடவே அண்ணத்தில் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகள், ஆறாத புண், வெளிறிய உதடு, விட்டுவிட்டுக் காய்ச்சல், அடிபடாமலே கன்றிய திட்டுகள் இருந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். பிரஷருக்கான அம்லோடிபினும் வலிப்புக்கான ஃபெனிட்டாயினும்கூட ஈறை வீங்க வைக்கும். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள்.

இந்த முறை பார்த்ததில் நிறைவளித்தது, கருவியைத் தொடுமுன் சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எழுதிக்கொடுத்த ஒரு பல் டாக்டர். பக்கத்து லேபில் சில நூறு ரூபாய், ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம், அன்றே ரிப்போர்ட். சீட்டில் 'பெரிஃபரல் ஸ்மியர்' (ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) என்றும் எழுதி வாங்குங்கள். மெஷின் எண்ணித் தரும். பிளாஸ்ட் என்ற முதிராத செல்லை உறுதிசெய்ய ஸ்லைடை ஒருவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். வெள்ளணு எண்ணிக்கை சரியாக இருந்தும் நோய் இருக்கலாம். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணு 50,000க்குக் கீழே போனால் பல் பிடுங்குவதைப் பொதுவாக நிறுத்திவைப்பார்கள். ரிப்போர்ட் வந்து டாக்டர் பார்க்கும்வரை மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், கசிவு கூடும்.

நோய் உறுதியானால் ரத்தவியல் டாக்டர்தான் தலைமை. பல் டாக்டர் அவரைக் கேட்டே கை வைக்க வேண்டும். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் அருகருகே இருப்பது பெரிய வசதி. பல் பிடுங்கிய இடம் ஆற, கீமோவுக்கு முன் 7 முதல் 10 நாளாவது வேண்டும். அக்யூட் வகையில் அவ்வளவு காத்திருக்க முடியாதென்றால் சொத்தையைத் தற்காலிகமாக அடைத்துவைப்பார்கள்.

கீமோ நாட்களில் மென்மையான பிரஷ், ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ். 250 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து நாளுக்கு நாலைந்து முறை கொப்பளிக்கலாம். வழித்தால் வரும் வெள்ளைப் படலம் பெரும்பாலும் பூஞ்சை. அதற்குத் தனி மருந்து உண்டு.

சிகிச்சைக்கு வெளிநாடு திரும்பிப் போவதானால் ஸ்லைடையும் ஃப்ளோ சைட்டோமெட்ரி (புற்றுச்செல்லின் வகையைக் கண்டறியும் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் பார்த்து ரத்தவியல் டாக்டர் சரி சொன்ன பிறகே விமானம் ஏறுங்கள்.