தென்னை ஏற எந்தக் கருவி? உப்புக் காற்றில் ஏறிப் பார்த்து நான் எடுத்த முடிவு

கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே, கடலுக்கு ரொம்பப் பக்கத்தில் எங்களுக்கு 42 தென்னை. அதில் 17 மரம், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது தப்பித்து நின்றவை. எல்லாம் நெட்டை, 60 அடிக்குக் குறையாது. பாதி மரம் சாய்ந்துதான் நிற்கிறது. மீதி 25 புயலுக்கு அப்புறம் வைத்த வீரிய ஒட்டு ரகத் தென்னை. இவை தவிர ரெட்டிச்சாவடியில் மாமனார் வீட்டில் 11 மரம். தெருவில் கூப்பிடுகிற நாலைந்து வீடுகளுக்கும் போவேன்.

ஆள் கிடைக்காமல் நெத்து தானாக விழ ஆரம்பித்ததும் 2020-ல் நானே ஏறத் தொடங்கினேன். 45 நாளுக்கு ஒரு வெட்டு. கருவியை டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்பக்கம் வைத்துக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவனுடைய கணக்கு இது. ஒரே தோப்பில் நிலையாக ஏறுகிறவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

தொரட்டியை முதலில் முடித்துவிடுகிறேன். 25 அடிக்கு உட்பட்ட மரம் என்றால் ஏறவே வேண்டாம், தொரட்டி போதும். மூங்கில் கனம், அலுமினியம் லேசு. ஆனால் மின்கம்பி போகிற இடத்தில் அலுமினியக் கம்பைத் தூக்கவே தூக்காதீர்கள். தொரட்டியால் காயை இழுக்கலாம், கொண்டையைச் சுத்தம் செய்ய முடியாது. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்திருக்கிறதா என்று பார்க்கவும், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் மேல் மட்டை இடுக்குகளில் போடவும் கை அங்கே போயாக வேண்டும். சின்ன மரத்துக்கு அதற்கு ஏணி போதும். நெட்டைக்கு ஏறித்தான் ஆகவேண்டும்.

மரத்தில் கொத்துப்படி வெட்டி ஏறுவதைப் பற்றி ஒரே வரி: செய்யாதீர்கள். வெட்டுக்காய வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். உள்ளே புழு குடைந்து முடித்த பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

அடுத்தது தளை. காலில் மாட்டுகிற ஒரு கயிற்று வளையம், இடுப்பில் அரிவாள், அவ்வளவுதான். எடை என்று சொல்ல ஒன்றுமில்லை, மரம் மாறும் நேரமும் இல்லை. எங்கள் ஊரில் 60 வயதைத் தாண்டிய ஒருவர் இன்னும் தளையில்தான் ஏறுகிறார். என் கருவியை மாட்டிப் பார்க்கச் சொன்னேன். "இரும்ப நம்பி ஏற எனக்கு மனசு வர்ல தம்பி. கால நம்பியே பழகிட்டன்" என்றார். அவர் மூன்று மரம் இறங்குவதற்குள் நான் இரண்டு முடிப்பேன். வேகத்தில் தளைக்கு ஈடு கிடையாது. ஆனால் அவருடைய மார்பும் முன்கையும் காய்த்துப்போய்த் தோல் மரப்பட்டை மாதிரி இருக்கிறது. சின்ன வயதிலிருந்து ஏறியவருக்குத்தான் அது கைவரும். 38 வயதில் ஆரம்பித்த எனக்கு அது வழியில்லை.

ஆக, எனக்குப் போட்டி இரண்டுக்கு நடுவில்தான்: நின்று ஏறுவதா, உட்கார்ந்து ஏறுவதா.

நின்று ஏறும் கருவி கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியில் ஜோசப் என்கிற விவசாயி உருவாக்கியது. செம்பேரி மாடல் என்றால் எல்லாருக்கும் தெரியும். இடது, வலது என இரண்டு துண்டு. ஒவ்வொன்றிலும் கால் வைக்க ஒரு மிதி, தூக்க ஒரு கைப்பிடி, மரத்தைச் சுற்றிவரும் கம்பி வடம், மரத்தில் பதிகிற இடத்தில் ரப்பர். மிதியில் எடை விழுந்தால் வடம் இறுகும். காலைத் தளர்த்திப் பிடியைத் தூக்கினால் வடம் தளரும். மாற்றி மாற்றிப் படியேறுவது போலப் போகலாம். என்னுடையது 9 கிலோ சொச்சம்.

உட்கார்ந்து ஏறுவதில் மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம். மேல் சட்டத்தில் உட்கார்ந்து, பாதத்தால் கீழ்ச் சட்டத்தை இழுத்துத் தூக்கவேண்டும். அப்புறம் அதில் எழுந்து நின்று, கையால் மேல் சட்டத்தைத் தூக்கவேண்டும். கம்பளிப்பூச்சி நகர்கிற மாதிரி. நான் முதலில் வாங்கியது இதைத்தான். உயரத்தில் பயம் இருந்தது, உட்கார இடம் இருக்கிறது என்பதே பெரிய தைரியம். பாதி மரத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், மேலே போனதும் இரண்டு கையும் சும்மா இருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, நான் இன்றும் இதைத்தான் சொல்வேன். ஆனால் 14 கிலோ. மாட்டிக் கழற்ற மட்டும் மரத்துக்கு மூன்று நான்கு நிமிடம். நின்று ஏறுவதை ஒரு நிமிடத்தில் மாட்டிவிடுவேன்.

எடையும் நேரமும் பெரிசு இல்லை, பழகினால் சமாளிக்கலாம். என் முடிவை மாற்றியது பராமரிப்பு. இங்கே இரும்பு நிற்பதில்லை. கேட் கீல், சைக்கிள் செயின், பம்ப்செட் போல்ட் என்று எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றுகொண்டே இருக்கிறது. உட்கார்ந்து ஏறும் கருவியில் இணைப்பு அதிகம், பற்றவைத்த இடம் அதிகம், ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற குழாய்கள் வேறு. ஒன்றரை வருஷத்தில் என்னுடையதில் ஒரு குழாய் துருவேறிச் சிக்கிக்கொண்டது. குழாய்க்கு உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நின்று ஏறும் கருவியில் தேய்கிறது எல்லாம் கண்ணில் படும்: இரண்டு வடம், ரப்பர், நாலைந்து போல்ட். சைக்கிள் கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவார்.

கண்ணில் படும் என்றேன், அதிலும் ஒரு தரம் ஏமாந்தேன். 2022-ல் வடம் மாற்ற வேண்டி வந்தபோது ஒரு கடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லிப் பச்சை பிளாஸ்டிக் உறை போட்ட வடம் கொடுத்தார்கள். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் 40 அடி உயரத்தில் நிற்கும்போது வலது மிதி 'டிக்' என்ற சத்தத்தோடு ஓர் அங்குலம் இறங்கியது. பாதுகாப்பு பெல்ட் மரத்தைச் சுற்றி மாட்டியிருந்தேன். மரத்தைக் கட்டிக்கொண்டு, அடி அடியாக இறங்கிவிட்டேன். கீழே வந்து உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே டீத்தூள் மாதிரி துரு, இழைகளில் மூன்று அறுந்திருந்தன. உறை வெளியே புதுசாகப் பளபளவென்று இருந்தது.

அன்றிலிருந்து உறை போட்ட வடம் வாங்குவதில்லை. வாங்கும்போது காந்தம் கொண்டு போகிறேன். நன்றாக இழுத்து ஒட்டிக்கொண்டால் அது சாதாரண இரும்பு. லேசாக ஒட்டுவது ஸ்டெயின்லெஸ் கம்பியிலும் உண்டு. மரத்தைச் சுற்றுகிற பகுதிக்குப் பழைய சைக்கிள் டியூபைத் துண்டாக வெட்டி நுழைத்திருக்கிறேன், அதை நகர்த்தி அடியில் பார்க்கலாம். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்து, பழைய பனியன் துணியை வடத்தின் மேல் இழுத்துப் பார்ப்பேன். நூல் சிக்கினால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த வடம் அதோடு சரி. வெறும் கையால் இழுக்காதீர்கள், கிழித்துவிடும். வடத்துக்கு எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம், ஆனால் ஒரு சொட்டுகூட ரப்பரில் படக்கூடாது, வழுக்கும்.

வடத்தின் முனையை மடித்துப் பிடிக்கிற கிளாம்பு போடுகிற முறையையும் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். யு வடிவக் கிளாம்பில் வளைந்த பக்கம் வெட்டிய முனையின் மேலும், பள்ளம் உள்ள தாங்குப் பக்கம் பாரம் இழுக்கும் கம்பியின் மேலும் வரவேண்டும். திருப்பிப் போட்டால் வளைவு பாரக் கம்பியையே நசுக்கும். என் கருவியில் கடைக்காரர் இரண்டைத் திருப்பித்தான் போட்டிருந்தார். அவசரத்துக்கு பைக் கிளட்ச் கேபிளைப் போட்டு ஏறுகிற வழக்கமும் சில இடத்தில் இருக்கிறது. அதில் ஆள் எடையை நம்பவே கூடாது.

சாய்ந்த மரம் பற்றிக் கேட்பீர்கள். மரம் சாய்ந்திருக்கிற திசைக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது முதுகின் மேல் ஏறுகிற மாதிரி மாட்டினால்தான் நின்று ஏறும் கருவி ஒழுங்காகப் பிடிக்கும். அப்படியும் ரொம்பச் சாய்ந்த இரண்டு மரத்தை நான் தொடுவதில்லை. தளைக்காரரைத்தான் கூப்பிடுகிறேன். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் ஏறிய பிறகு அதில் ஒன்று இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. பனையில் இந்தக் கருவியை நான் ஏறிப் பார்த்ததில்லை, அதனால் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. மழை ஈரத்தில் இரண்டு கருவியிலுமே ரப்பர் வழுக்கும், மரம் காயும்வரை காத்திருப்பேன்.

எதை வாங்கினாலும் கடையில் ஐந்து நிமிடம் காட்டிக்கொடுத்ததை வைத்து ஏறிவிடாதீர்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய தென்னை மர நண்பர்கள் பயிற்சியைப் பற்றி உங்கள் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குருமாம்பேட், கடலூர்க்காரர்களுக்கு விருத்தாசலம். மரம் ஏறுகிறவர்களுக்கென்றே அந்த வாரியத்தின் கேரா சுரக்ஷா விபத்துக் காப்பீடும் இருக்கிறது. அதையும் சேர்த்தே விசாரியுங்கள்.

என்னுடைய உட்கார்ந்து ஏறும் கருவியை, சிக்கிய குழாயை மாற்றிச் சரிசெய்து, பண்ருட்டியில் இருக்கிற மச்சானுக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே கடல் காற்று இல்லை, 15 மரம் ஒரே கொல்லையில், தூக்கிக்கொண்டு போகவேண்டியதும் இல்லை. போன மாதம் போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பார்த்தேன், புதிதாகத் துரு ஏறவில்லை. அவர் மனைவியும் அதில் ஏறக் கற்றுக்கொண்டிருக்கிறார்.