"பூச்சியே வராது" என்று விற்கும் கம்போஸ்ட் டிரம்: வாங்கும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள்

போன ஆடித் தள்ளுபடியில் 3,400 ரூபாய் கொடுத்து, சமையலறைக் குப்பையை உரமாக்கும் 50 லிட்டர் கம்போஸ்ட் டிரம் ஒன்று வாங்கினோம். சென்னையில் இரண்டாவது மாடி வீடு, பால்கனி சின்னது. விற்றவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "குப்பையைப் போடுங்க, மேலே இந்தப் பவுடரைத் தூவுங்க, பூச்சியே வராது சார்." சருகு போட வேண்டும் என்றோ காற்று போக வேண்டும் என்றோ ஒரு வார்த்தை இல்லை. நாங்களும் முழுசாக நம்பினோம்.

ஐப்பசி மழை பிடித்ததும் நாற்றம் தொடங்கியது. ஊசிப்போன சாம்பார் மாதிரி ஒரு வாடை, கூடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு நாள் காலையில் கீழ் வீட்டு அக்கா மேலே வந்து, "தம்பி, உங்க வீட்டுப் புழு எங்க துணிக்கொடி வரைக்கும் வந்திருச்சுப்பா" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

டிரம்மின் அடிக்குழாயைத் திருகினால் ஒரு சொட்டு வரவில்லை. ஈர்க்குச்சியை விட்டுக் குத்தியதில் சோற்றுப் பருக்கையும் கொத்தமல்லி வேரும் சேர்ந்த ஒரு உருண்டை வெளியே விழுந்தது, அதன் பின்னாலேயே கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எல்லாவற்றையும் வாரிக் கொட்டிப் பார்த்தால் உள்ளே சல்லடைத் தட்டே இல்லை. காற்றுத் துளை என்று வெளியே தெரிந்தவை வெறும் அச்சுக் குழிகள், ஒன்றுகூட உள்வரை போகவில்லை. காற்றும் வடிகாலும் இல்லாமல் ஈரக்குப்பையை மூடி வைத்தால் அது மக்காது, அழுகத்தான் செய்யும். அந்த அழுகல் வாடைக்குத்தான் ஈ வந்து முட்டை வைக்கிறது, நம் ஊர்ச் சூட்டில் வீட்டு ஈயின் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும்.

இது வரைக்கும்கூடப் பரவாயில்லை. போன் செய்தபோது 900 ரூபாய் 'சர்வீஸ்' என்று ஓர் ஆளை அனுப்பினார்கள், அவர் வந்து நான் தடுப்பதற்குள் ஒரு பாட்டிலைத் திறந்து, கரப்பானுக்கு அடிக்கும் மருந்து வாடையோடு எதையோ டிரம் முழுக்க அடித்துவிட்டுப் போனார். என்ன மருந்து என்று கேட்டேன். "ஆர்கானிக் சார்" என்பதற்கு மேல் பதில் இல்லை, பாட்டிலில் லேபிளும் இல்லை. புழு செத்தது உண்மைதான், ஆனால் கீரைப் பாத்திக்குப் போடவேண்டிய உரம் அது! அப்படியே மூட்டை கட்டிக் கார்ப்பரேஷன் வண்டியில் கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி அடித்துவிட்டுப் போயிருந்தால் அந்த உரத்தைத் தயவுசெய்து சாப்பிடும் செடிக்குப் போடாதீர்கள்.

அப்புறம் நானே ஆணியைக் காய்ச்சிச் சுற்றிலும் துளை போட்டு, உள்பக்கம் பழைய கொசுவலையை ஒட்டினேன். அடியில் ஓட்டுத் துண்டு பரப்பி அதன்மேல் தேங்காய் நார்த்தூள். இப்போது ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவு போட்டால் ஒன்றரை, இரண்டு கிண்ணம் சருகு போட்டு மூடுகிறோம், கழிவு வெளியே தெரியவே கூடாது. சமைத்த சோறு, குழம்பு, மீன் முள் எதுவும் உள்ளே போவதில்லை. எலியைக் கூப்பிடுவது அவைதான். வாரம் ஒரு முறை கிளறுகிறேன், கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, சொட்டினால் இன்னும் சருகு. பவுடருக்குப் பதில் புளித்த மோரைக் கரைத்துத் தெளிக்கிறோம். எப்போதாவது தட்டையான பழுப்புப் புழு தெரிந்தால் நான் பதறுவதில்லை, பெரும்பாலும் அது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு, குப்பையைத் தின்றுவிட்டுப் போய்விடும், கடிக்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பில்லில் கடை முகவரியே இல்லை, நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். நீங்கள் வாங்கப் போனால் கடையிலேயே மூடியைத் திறந்து சல்லடை இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள், துளையில் ஒரு ஈர்க்குச்சி உள்ளே போகிறதா என்று குத்திப் பாருங்கள், முகவரி போட்ட பில் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.