ஓவியம் பார்க்க எங்கே போகலாம்: தேசிய கலைக்கூடமா, தஞ்சோங் பகாரா?

ஊரிலிருந்து சிங்கப்பூருக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் செந்தோசா, முஸ்தபா, கரையோரப் பூந்தோட்டங்கள் என்று சுற்றிக் காட்டுகிறோம், ஓவியம் என்று பேச்செடுத்தால் மட்டும் "அதெல்லாம் நமக்குப் புரியாது" என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. முதல் தடவை போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேசிய கலைக்கூடத்துக்குப் போங்கள். தஞ்சோங் பகாரில் இருக்கும் சிங்கப்பூர் கலை அரும்பொருளகம் மட்டம் என்பதல்ல, அதை இரண்டாவதாகப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

தேசிய கலைக்கூடம் 2015இல் திறந்தது, நகர மண்டபம் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் ஒன்றாக இணைத்த கட்டடம் அது, 1945 செப்டம்பர் 12இல் ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்துப் போட்டதும் இங்கேதான், கைதிகளை அடைத்து வைத்த அறைகள்கூட இன்னும் இருக்கின்றன. ஓவியத்தில் ஆர்வமே இல்லாத மாமாவுக்கும் பொழுது போகும்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது சுவா மியா டீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' முன்னால்தான். மேசையைச் சுற்றி மாணவர்கள், கரும்பலகையில் மலாய் மொழியில் இரண்டே கேள்வி: உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய்? சிங்கப்பூருக்குத் தன்னாட்சி கிடைத்த வருஷம் அது, லீ குவான் இயூவின் அமைச்சரவை பதவியேற்றதும் இதே நகர மண்டபத்தில்தான். பல இனத்து ஆட்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து புது நாட்டின் மொழியைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள யாருக்கும் கலைப் படிப்பு வேண்டாம். இன்னொன்று, உங்கள் பர்சில் சிங்கப்பூர் 50 வெள்ளி (டாலர்) நோட்டு இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அதில் இருப்பது சியோங் சூ பியெங்கின் கருவாடு காயப்போடும் ஓவியம். அசல் இந்தக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அப்புறம் ஜாவா ஓவியர் ராடன் சாலே 1849இல் வரைந்த காட்டுத் தீ: ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம், நான்கு மீட்டர் அகலம், தீக்குப் பயந்து ஓடிவந்த புலிகளும் மற்ற விலங்குகளும் பாறை விளிம்பில் தவிக்கின்றன. இதையெல்லாம் போனில் பார்த்துவிட்டு பார்த்தாச்சு என்று சொல்லாதீர்கள்.

சரி, தஞ்சோங் பகார். கலை அரும்பொருளகம் 1996இல் பிராஸ் பாசாவில் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் தொடங்கியது, 2022இலிருந்து கெப்பல் சாலையில் துறைமுகத்தை ஒட்டிய கிடங்குக் கட்டடத்தில் நடக்கிறது. தேசிய கலைக்கூடத்தில் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு முதல் வரையப்பட்ட நவீன ஓவியங்கள் என்றால், இங்கே இன்றைக்கு வாழ்கிற கலைஞர்களின் வேலை: வீடியோ, ஒலி, அறை முழுக்க நிறைந்த கலை அமைப்புகள். எம்ஆர்டியிலிருந்து கொஞ்சம் தூரம், முதியவர்களோடு போனால் டாக்சிதான் நல்லது. சில வீடியோக்கள் நீளமானவை, பொறுமையாக உட்கார்ந்து பார்த்தால்தான் ஏதாவது கிடைக்கும், அவசரமாக ஒரு சுற்று வந்தால் வெறும் சுவரும் திரையும்தான் மிஞ்சும். இந்த மாதிரிக் கலை நமக்கு அந்நியம் என்று நினைக்கவும் வேண்டாம். 1988இலேயே சிங்கப்பூர்க் கலைஞர்கள் எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜபார் மூவரும் சேர்ந்து 'திரிமூர்த்தி' என்று ஒரு கண்காட்சியே நடத்தியிருக்கிறார்கள்.

மரினா பேயில் தாமரை மாதிரி நிற்கும் கலை அறிவியல் அரும்பொருளகம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஒளி விளையாட்டும் நிறைய. ஆனால் டிக்கெட் வாங்கித்தான் போகவேண்டும், காசு கொடுத்தோமே என்று எல்லாவற்றையும் பார்த்து முடிக்கிற அவசரம் வந்துவிடுகிறது. மற்ற இரண்டிலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது அனுமதி இலவசம் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஒரே ஒரு அறையைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம், அடுத்த வாரம் வேறொரு அறை. வெளிநாட்டு விருந்தினருக்குக் கட்டணம் உண்டு, அதனால் அவர்களைக் கூட்டிப்போகும் நாளில் மட்டும் காலையிலேயே கிளம்புங்கள். காட்சிக்கு வைப்பதை அவ்வப்போது மாற்றுவார்கள், நீங்கள் பார்க்க நினைக்கும் ஓவியம் இப்போது மாட்டியிருக்கிறதா என்று இணையத்தளத்தில் பார்த்துக்கொண்டு போங்கள்.