திருவாதிரை அன்னிக்கு செல்ஃப் எடுக்காத வண்டியும் மாயவரம் பேட்டரி கடையும்

மொதல்லயே சொல்லிடுறேன், கடை பேரு போடல. ரிவ்யூ எழுதப்போறேன் பேரு போடவான்னு கேட்டேன், "வேணாம்மா, இருக்குற கூட்டத்தையே பாக்க முடியல"ன்னுட்டாரு. மாயவரத்துல கும்பகோணம் ரோட்டுல ஒத்த ஷட்டர் கடை, வாசல்ல பழைய பேட்டரி அடுக்கி வச்சிருக்கும், அவ்ளோதான் அடையாளம்.

எங்க ஊரு குத்தாலம் பக்கம் (அருவி இருக்குற குற்றாலம் இல்லங்க, மாயவரத்துக்கும் கும்மோணத்துக்கும் நடுவுல இருக்குறது, எத்தனை தடவ சொன்னாலும் மெட்ராஸ்காரங்க "சீசன் எப்டி"ன்னுதான் கேப்பாங்க). திருவாதிரைக்கு சிதம்பரம் போயி விடியகால அபிஷேகம் பாக்கணும்னு அத்தைக்கு ரொம்ப நாளா ஆசை, சரின்னு ராத்திரி ரெண்டரைக்கே எழுந்து குளிச்சு, அத்தை முழிச்சிருந்து கிண்டுன களிய டப்பாவுல எடுத்துக்கிட்டு, மூணு மணிக்கு வண்டியில ஏறி சாவிய திருப்புனா டிக் டிக் டிக் டிக். மீட்டர் லைட்டெல்லாம் மங்கிப்போச்சு. வீட்டுல வண்டி ஓட்டுறது நான் மட்டும்தான், எங்க வீட்டுக்காரருக்கு ஸ்டீரிங் புடிச்சாலே கை நடுங்கும், அதனால எல்லாரும் என்னைய பாக்குறாங்க, நான் சாவிய பாக்குறேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் லோடு வண்டி வச்சிருக்காரு, பாவம் அவர எழுப்பி, டிக்கியில ரெண்டு வருஷமா சும்மா கெடந்த ஜம்பர் கேபிள எடுத்து மாட்டுனோம். ஆன்லைன்ல வாங்குனது, மேல 500 ஆம்ப்னு பெருசா போட்டிருக்கும். செல்ஃப் அடிச்சா கேபிள் சுட்டுச்சே தவிர வண்டி அசையல. அந்த நேரம் பாத்து ஒருத்தர் வந்து, கொள்முதல் நிலையத்துக்கிட்ட லாரி நிக்குது அதுலேர்ந்து கனெக்சன் குடுத்தா பட்டுன்னு எடுக்கும்னாரு. நல்லவேள லோடு வண்டி அண்ணன் திட்டி அனுப்பிட்டாரு, லாரி 24 வோல்ட்டு, நம்ம காரு 12, மாட்டியிருந்தா வண்டியில இருக்குற கம்ப்யூட்டரே போயிருக்கும். கடைசியில தள்ளு ஸ்டார்ட்டுதான். ரெண்டாவது கியர், கிளட்ச்ச மிதிச்சிக்கிட்டு, வேகம் வந்ததும் படக்குன்னு விட்டேன், எடுத்துடுச்சு, ஆனா எடுத்தது எதிர்வீட்டு மாமி அப்பதான் போட்டு முடிச்ச கோலத்து மேல. பூசணிப்பூ வேற டயர்ல ஒட்டிக்கிச்சு.

எடுத்த வண்டிய சிதம்பரம் வரைக்கும் ஓட்டிருக்கலாம், ஓடிக்கிட்டு இருக்குற வரைக்கும் பிரச்சன இல்ல. ஆனா சீர்காழி தாண்டி கொள்ளிடம் பாலத்துல ஆஃப் ஆனா இருட்டுல யாரு தள்ளுறது? போகல. அத்தை அன்னிக்கு முழுக்க எங்கிட்ட பேசல.

காலைல மாயவரம் கெளம்புனோம். மொதல்ல போனது இந்த கடை இல்ல, கண்ணாடி கதவு போட்ட பெரிய கடை ஒண்ணு. வண்டிகிட்டயே வரல, எத்தன வருஷமாச்சுன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட கேட்டாரு, மூணரைன்னு நான் சொன்னேன், அப்ப மாத்திடுங்க சார், 6,500ன்னு மறுபடி அவருகிட்டயே சொன்னாரு. எங்க வண்டி சின்ன பெட்ரோல் வண்டி, 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. டெஸ்ட்டே பண்ணாம எப்டிங்க மாத்துறதுன்னு கேட்டதுக்கு மார்கழி குளிருல எல்லா பேட்டரியும் இப்டிதான் போவும்னாரு. வந்துட்டோம்.

ஷட்டர் கடை அண்ணன் பானட்ட தொறந்து மொதல்ல டெர்மினல பாத்து சிரிச்சாரு, வெள்ளையா பச்சையா பூத்துக் கெடந்துச்சு. சுடுதண்ணியில சமையல் சோடா கரைச்சு ஊத்தி பிரஷ்ஷால தேச்சு விட்டாரு, இதுக்கே சில வண்டி எடுத்துடும்மா, பேட்டரி விக்க வேண்டியதில்லன்னாரு. எங்களுக்கு எடுக்கல. மீட்டர் வச்சாரு, 11.8 வோல்ட்டு. நல்லா சார்ஜ் ஏறுன பேட்டரி 12.6 காட்டணுமாம். உடனே மாத்துன்னு சொல்லல பாருங்க, அங்கதான் எனக்கு புடிச்சிது. சார்ஜ் போட்டுப் பாத்துட்டு சொல்றேன், சாயங்காலம் வாங்கன்னாரு. சாயங்காலம் எங்க கண்ணு முன்னாடியே மூடி ஆறையும் தொறந்து கண்ணாடிக் குழாய விட்டு ஆசிட்ட இழுத்து அடர்த்தி பாத்தாரு, அஞ்சு செல்லு 1.250க்கு மேல காட்டுது, ஒண்ணு மட்டும் 1.120. "இஞ்ச பாருங்க, இந்த ஒத்த செல்லு செத்துப்போச்சு, ஆறும் ஒண்ணா இழுக்கணும், ஒரு மாடு படுத்தா வண்டி போவுமா?" லோடு டெஸ்ட்டுல (செல்ஃப் அடிக்கிற மாதிரி கரண்ட்ட இழுத்துப் பாக்குறது) 8 வோல்ட்டுக்கு எறங்கிருச்சு, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கு கீழ போகக்கூடாதாம்.

குளிருனாலயான்னு கேட்டேன். நாத்தனார் கனடாவுல இருக்காங்க, அங்க மைனஸ் 18க்கு போனா பேட்டரிக்கு பலம் பாதிக்கும் கீழ வந்துரும், இஞ்சின் ஆயிலும் கெட்டியாயிடும், அது குளிரு. நம்மூரு மார்கழி ராத்திரி 20, 21 டிகிரி, இது ஒரு குளிரான்னு அண்ணனே சொன்னாரு. அவரு சொன்ன கணக்கு வேற: அக்கினி நட்சத்திரத்துல தகர ஷெட்டுல நின்ன வண்டி, உள்ள தண்ணி வத்தி தகடு வெளிய தெரிஞ்சு அரிச்சுப்போச்சு, அப்பவே பாதி உசுரு போயிருச்சு, வெயில் காலத்துல இஞ்சின் லேசா சுத்துறதால தெரியல, பனியில கொஞ்சம் கூட இழுக்க வேண்டி வந்ததும் படுத்துக்கிச்சு. டிஸ்டில்டு வாட்டர் கடைசியா எப்ப ஊத்துனீங்கன்னாரு. பதில் சொல்லல நான். (கேன் தண்ணி, கெணத்துத் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு ஏறிடும்.)

இன்னொண்ணும் கண்டுபுடிச்சாரு. வண்டிய ஆஃப் பண்ணி பூட்டிட்டு, எர்த் வயர கழட்டி நடுவுல மீட்டர மாட்டுனா 160 மில்லி ஆம்பியர் ஓடுது. 50க்குள்ள இருக்கணும். காரணம் எங்க வீட்டுக்காரர் ஆசையா மாட்டுன கேமரா, அத கழட்டுனா 30க்கு வந்துருச்சு. ஒரு நாளைக்கு நாலு ஆம்பியர் ஹவர் கிட்ட குடிச்சிருக்கு, ஐப்பசி கார்த்திகை மழையில வாரக்கணக்கா எடுக்காம நிறுத்தி வச்ச வண்டியில புது பேட்டரியே ஒம்போது நாள்ல காலி. இத பாக்காம புதுசு மாட்டியிருந்தா தைக்கு மறுபடி தள்ளியிருப்பேன். இப்ப கேமராவ சாவி போட்டா மட்டும் ஓடுற லைன்ல மாத்திக் குடுத்துட்டாரு, அதுக்கு தனியா காசு வாங்கல.

புது பேட்டரி 4,300, பழசுக்கு 700 கழிச்சு 3,600. 24 மாசம் ஃப்ரீயா மாத்தித் தருவாங்க, அடுத்த 24 மாசம் விலையில தள்ளுபடி. 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 ஆனதுக்கப்பறம் வந்த விலைன்னு லிஸ்ட்ட காட்டுனாரு. தயாரிச்ச தேதிய அவரே காட்டி, ஆறு மாசத்துக்கு மேல அலமாரியில நின்னத வாங்காதீங்கன்னாரு. மாட்டுனதும் வண்டிய ஓடவிட்டு மீட்டர் வச்சாரு, 14.2, டைனமோ நல்லா இருக்குன்னு சொல்லி விட்டுட்டாரு. அத போச்சுன்னு சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன்.

அந்த 500 ஆம்ப் கேபிளையும் வெட்டிக் காட்டுனாரு, தடியா ரப்பரு, உள்ள நூல் மாதிரி அலுமினியம், மேல செம்பு பூச்சு. செல்ஃப் மோட்டாரு நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும், இதுல எங்க போவும். வெல்டிங் கேபிள்ல அவரே கிளிப் போட்டு ஒரு செட்டு பண்ணித் தந்தாரு, 1,600. வெல கொஞ்சம் ஜாஸ்திதான். மாட்டும்போது கருப்பு வயரோட கடைசி முனைய செத்த பேட்டரியில வைக்காம இஞ்சின் இரும்புல வைக்கணும்னும் சொல்லிக் குடுத்தாரு, பேட்டரிகிட்ட பொறி பறந்தா கேஸ் புடிச்சுக்கும்.

கொறையும் இருக்கு. பில்லு கேட்டு கேட்டு வாங்க வேண்டியிருந்துச்சு, வாரண்டி கார்டுல தேதி போட மறந்துட்டாரு, நான்தான் பாத்து திருப்பிக் குடுத்தேன், நீங்களும் பாருங்க. மதியம் ஒண்ணரைலேர்ந்து நாலு வரைக்கும் ஷட்டர் எறக்கிடுவாரு. வண்டி நிறுத்த எடமே இல்ல, பஸ்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுடுவான். வீட்டுக்கு வந்து மாட்டித் தரமாட்டாரு, அதனால செத்த வண்டிய எப்டியாவது நீங்கதான் கொண்டு போகணும்.

அஞ்சுக்கு நாலு. கொறைச்ச ஒண்ணு பில்லுக்கு. அத்தைய அடுத்த வாரம் ஒரு நாள் சிதம்பரம் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன், பேச ஆரம்பிச்சுட்டாங்க. எதிர்வீட்டு மாமி இன்னும் ஆரம்பிக்கல.