லாரிப்பட்டை கத்தியா, மோராவா, மடக்குக் கத்தியா? நம்ம பக்கத்து கேம்ப்புக்கு எது சரியா வரும்

கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம் நைட் தங்குற மாதிரி கேம்ப் போற பசங்க இப்ப ஜாஸ்தி ஆயிட்டாங்க, யாராவது தெரிஞ்சவங்க மாந்தோப்பு, கொல்லை, வத்தல்மலை சித்தேரி பக்கம் சொந்தக்காரங்க நெலம்னு எங்கயாவது கெளம்பிடறாங்க. டெண்ட் வாங்க அவ்ளோ யோசிக்கறவங்க கத்தியை மட்டும் போட்டோ பாத்தே ஆர்டர் போட்டுடறாங்க, அதுவும் முதுகுல ரம்பப்பல்லு வச்ச கருப்புக் கத்தி. அதனாலதான் நம்ம பட்டறை கத்தி, ஸ்வீடன் கம்பெனி மோரா கத்தி, மடக்குக் கத்தி மூணையும் வச்சு இதை எழுதறேன்.

மொதல்ல வேட்டை. ஹன்டிங் நைஃப்னு தேடிட்டு வர்றவங்களுக்கு நேராவே சொல்லிடறேன், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இங்க வேட்டை கெடையாது. முயல், கவுதாரி, காட்டுப்பன்னி எதுவும் கூடாது. 2023 மார்ச்ல மாரண்டஹள்ளி பக்கம் பன்னிக்குன்னு போட்ட கரண்ட் வேலில மாட்டி மூணு யானை செத்துச்சு, அதை நெனச்சா இப்பவும் மனசு ஆறல. அதனால இங்க கத்திக்கு வேலைன்னா கோழி, கடையில வாங்கின மீனு, வெங்காயம், வெறகு, முள்ளு, கயிறு இவ்ளோதான்.

இன்னொன்னு நெறைய பேருக்கு தெரியறதில்ல. அந்தச் சட்டத்துல ஆயுதம்னு எதெல்லாம் வரும்னு சொல்ற எடத்துல கத்தியும் இருக்கு, கொக்கியும் இருக்கு, வலையும் இருக்கு. சரணாலயத்துக்குள்ள எழுத்துல அனுமதி வாங்காம ஆயுதத்தோட போகக்கூடாது. நம்ம ரெண்டு மாவட்டத்துல 2014ல காவிரி வடக்கு சரணாலயம் வந்துச்சு, 2022ல காவிரி தெற்கு வந்துச்சு. அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி பக்கம் போறப்ப சும்மா ரோட்டை விட்டு எறங்கி அடுப்பு பத்த வச்சு கோழி வாட்டலாம்னு நெனைக்காதீங்க, பையில கத்தி இருந்தா நீங்க எதுக்கு வந்தீங்கன்னு ஃபாரஸ்ட்காரங்களுக்கு வெளக்கவே முடியாது. ஆயுத விதிகள் 2016ல இன்னொரு கணக்கு இருக்கு, 9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ உள்ள கத்தி, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ செஞ்சது இல்லன்னா, ஆயுதம்ங்கற வகையில போயிடும். கொல்லையில முள்ளு வெட்டற கொடுவா விவசாய சாமான். கருப்புக் கத்தியை அப்படிச் சொல்லி தப்பிக்க முடியாது.

இப்ப கத்திக்கு வருவோம். நம்ம ஊர் பட்டறை கத்தி பெரும்பாலும் லாரிப்பட்டையில, அதாவது லாரிக்கு அடியில இருக்கற ஸ்பிரிங் பட்டையில, அடிச்சதுதான். ஹைவே மேல இருக்கற ஊரு, பழைய பட்டைக்கு பஞ்சமே இல்ல. அந்த இரும்புல கார்பன் 0.6 சதவீதம் கிட்ட வரும். ஸ்வீடன்ல இருந்து வர்ற மோரா கம்பேனியன் கத்தியில போடற 12சி27 ஸ்டீல்லயும் கார்பன் கிட்டத்தட்ட அதே 0.6தான்! வித்தியாசம் எங்கன்னா அதுல குரோமியம் 13.5 சதவீதம் இருக்கு, அதனால லேசுல துருப்பிடிக்காது, அப்புறம் அவங்க ஃபேக்டரியில சூட்டை அளந்து ஒரே மாதிரி பதம் வைக்கறாங்க. நம்ம பட்டறையில ஆசாரி கண்ணால கலர் பாத்து தண்ணி காட்டறாரு, கை நல்ல கைன்னா கத்தி இருபது வருசம் ஓடும், அவசரத்துல அடிச்சதுன்னா வெட்டற வாய் மடங்கும், இல்லன்னா சில்லு பேந்துக்கும். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில கெடச்ச இரும்போட காலம் கிமு 2172 வரைக்கும் போகுதுன்னு 2022ல சட்டசபையிலயே சொன்னாங்க, அந்த மண்ணுல இன்னிக்கும் உலை வச்சு இரும்படிக்கறவங்க இருக்காங்கன்னா அவங்ககிட்ட ஒரு கத்தியாவது வாங்கணும்னு எனக்கு ஆசை, அதை மறைக்கல.

ஆனா ஆசை வேற, பாத்து வாங்கறது வேற. சந்தையில கத்தி வாங்கறப்ப ஒரு சின்ன அரம் கொண்டு போங்க, வாய் ஓரத்துல லேசா தேச்சுப் பாருங்க. அரம் கண்ணாடி மேல போற மாதிரி வழுக்குனா ரொம்ப கெட்டி, வெறகுல அடிச்சா சில்லு போகும். மெழுகு மாதிரி எறங்குனா பதமே வைக்கல. லேசா கடிக்கணும், கொஞ்சம் கஷ்டப்பட்டு கடிக்கணும், அதுதான் வெட்டுக்கத்திக்கு சரி, தோப்புல உக்காந்தே அரத்துல தீட்டிக்கலாம். கைப்பிடியில பூண் இறுக்கமா இருக்கான்னு ஆட்டிப் பாருங்க, கைப்பிடி ஆடற கத்தியை எவ்ளோ கொறச்சு குடுத்தாலும் வாங்காதீங்க.

பட்டறை கத்தியில, முள்ளு வெட்ட கொடுவாவை அடிச்சுக்க எதுவும் இல்ல. வளைஞ்ச மூக்கு இருக்கறதால கெளையை கொக்கி போட்டு இழுத்துட்டு வெட்டலாம், கை முள்ளுகிட்டயே போக வேண்டியதில்ல. தேங்கா ஒடைக்க, இளநி சீவ, டெண்ட் ஆணி அடிக்க முதுகுப்பக்கம் போதும், நம்ம சரளை மண்ணுல சும்மா கல்லால அடிச்சா அந்த அலுமினிய ஆணியெல்லாம் வளைஞ்சுடும். கொறை என்னன்னா துரு. மாங்கா, புளி, எலுமிச்சை பட்டா கருத்துடும், அறுத்த வெங்காயத்துலயே இரும்பு வாசனை வரும். கழுவி தொடச்சு ஒரு சொட்டு தேங்கா எண்ணெய் தடவியே ஆகணும். கோழியை மூட்டு மூட்டா பிரிக்கறது, மீனு குடல் எடுக்கறதெல்லாம் இதுல வேலைக்கு ஆகாது, முதுகு தடிப்பு.

அங்கதான் மோரா வருது. 10 சென்டிமீட்டர் சொச்சம் நீளம், 2.5 மில்லிமீட்டர் தடிப்பு, ரப்பர் மாதிரி பிடி, ஈரக்கையிலயும் மீனு கொழகொழப்புலயும் வழுக்காது. கோழி, மீனு, தக்காளி, குச்சி சீவி தீப்பத்த வைக்கறது எல்லாத்துக்கும் சுலபமா போகும். தீட்டவும் ஈஸி, வாய்க்கு ரெண்டு பக்கமும் அகலமா ஒரே சரிவு இருக்கு, அந்தச் சரிவை அப்படியே கல்லு மேல படுக்க வச்சு தேச்சா போதும். ஆனா இதை வச்சு கட்டையை பொளக்கணும்னு மேல இன்னொரு கட்டையால அடிக்கறாங்க பாருங்க, அதை பண்ணாதீங்க. கைப்பிடிக்குள்ள போற இரும்பு அதோட கடைசி வரைக்கும் போகல, சீமைக்கருவேலம் மாதிரி கெட்டி மரத்துல அந்த மெல்லிசான கத்தி சிக்குனா வாய் பேந்துடும். ஒரு மோரா காசுக்கு பட்டறை கத்தி ரெண்டு மூணு வாங்கலாம், அதுவும் உண்மை.

மடக்குக் கத்தியில அடிக்கடி கேக்கற ரெண்டு பிராண்டு விக்டோரினாக்ஸ், ஒப்பினெல். ஒப்பினெல் 8ம் நம்பர் பாக்க அழகு, 8.5 சென்டிமீட்டர் மெல்லிசு கத்தி, வளையம் திருகுனா லாக் ஆயிடும், வெங்காயம் தக்காளி அவ்ளோ நைசா அறுக்கும். ஆனா புடி மரம், மழையில நனைஞ்சா ஊதிக்கும், அப்புறம் தொறக்கறதுக்கே மல்லுக்கட்டணும். ஒகேனக்கல் மாதிரி தண்ணியில கெடக்கற எடத்துக்கு நான் சொல்ல மாட்டேன். விக்டோரினாக்ஸ் ஹன்ட்ஸ்மேன்ல ரம்பம் இருக்கு பாருங்க, அதுக்காகவே வாங்கலாம், பெருவிரல் தடிப்பு குச்சியை சட்டுன்னு அறுத்துடும், கத்தரிக்கோலும் இருக்கு. பெரிய பிளேடுக்கு லாக் இல்லைங்கறதை மறக்கக்கூடாது, குத்துற மாதிரி அழுத்துனா விரல் மேல மடங்கும். எந்த மடக்குக் கத்தியா இருந்தாலும் கோழி மீனு வேலைக்கு வேண்டாம், கீலுக்குள்ள ரத்தமும் கொழுப்பும் போய் உக்காந்துக்கும், கழுவி எடுக்கவே முடியாது.

அந்த கருப்பு சர்வைவல் கத்திக்கு ஒரு பாரா போதும். கைப்பிடி உள்ள காலியா இருக்கும், தீப்பெட்டி ஊசி நூலெல்லாம் போட்டு வச்சிருப்பான், அப்ப பிளேடு எதுல நிக்குது? சுண்டு விரல் அளவு வால்ல ஒரு நட்டு போட்டு. வேகமா வீசறப்ப அந்த எடத்துலதான் ஒடியும், ஒடிஞ்ச பிளேடு எதிர்ல இருக்கறவன் மேல பறக்கும். முதுகு ரம்பம் மரத்தை அறுக்காது, பிறாண்டும். தயவுசெஞ்சு வாங்காதீங்க.

என் முடிவு, சொந்தக்காரங்க நெலத்துல தங்கறதுன்னா கொடுவா ஒண்ணு, மோரா ஒண்ணு. கொடுவாவை சாக்கு சுத்தி வண்டியில வைங்க, இருட்டுனப்புறம் அதை யாரும் வீசக்கூடாது, வெறகு வெளிச்சம் இருக்கறப்பவே வெட்டி வச்சுடுங்க. ஒரே கத்திதான் வாங்க காசு இருக்குன்னா மோரா, கொடுவா எப்படியும் அந்த கொல்லைக்காரர் வீட்டுல இருக்கும், கேட்டா குடுப்பாரு. ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட் அனுமதியோட மலை ஏறப்போறீங்கன்னா ரெண்டும் வேணாம், சின்ன மடக்குக் கத்தி எடுத்துட்டுப் போலாமான்னு கேட்டுட்டு, சரின்னா மட்டும் வைங்க.

மத்த சாமான்ல ரெண்டு விசயம் மட்டும். கைல புடிக்கற டார்ச்சை விட நெத்தியில மாட்டற லைட்டு மேல், களி கிண்டறப்ப ரெண்டு கையும் வேணும், நைட்டு கீழ பாத்து கால் வைக்கறதுக்கும் அதுதான், இங்க கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. அடுப்புக்கு மார்ச்ல இருந்து மழை வர்ற வரைக்கும் வெறகை விட கேஸ் நல்லது, மாந்தோப்புல காஞ்ச எலை கணுக்கால் வரைக்கும் கெடக்கும், ஒரு பொறி போதும். அப்பவும் அடுப்பைச் சுத்தி கூட்டிட்டு ஒரு கொடம் தண்ணி பக்கத்துலயே வச்சுக்கங்க.